மணப்பெண்ணை நான் கொண்டுபோய் இறக்கிய வீடு

“நாலு எழுத்து படிச்சிட்டாப் போதுமா? ஊர் உலகம் தெரிய வேணாமா? இவ போய் அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறா?”

நான் இலங்கைக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், என் தாய்மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். கேட்டது அம்மாவிடம்தான். ஆனால் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அடுத்த தெருக்காரர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார். நான் வெளியே வந்து, “ஊர் உலகம் எல்லாம் எனக்கு நல்லாத் தெரியும் மாமா” என்றேன். (அதுவரை நான் பார்த்திருந்த உலகம் விருதுநகருக்கும் மதுரைக்கும் நடுவில் இருந்தது. அதிலும் பாதி, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது.)

அந்தத் தெனாவெட்டுக்குக் காரணம் இருந்தது. அப்பா பருத்தி மூட்டை தூக்குகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட இடம் இல்லை, குனிந்து உட்கார்ந்து குச்சி அடுக்குகிற இடம். இரண்டு பேர் வழியிலும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்ததோடு விடாமல் ஆங்கிலத்தில் பட்டமும் வாங்கி, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிப்போட்டு, கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் தன்னார்வ ஆசிரியையாக இருக்கத் தேர்வும் ஆகிவிட்டேன். அப்படிப்பட்டவளிடம் ஊர் உலகம் தெரியுமா என்று கேட்டால் கோபம் வராதா?

அதுவும் கல்முனை, தமிழ் பேசுகிற ஊர். சாப்பாடு சோறு. கடல் அதே கடல். இதில் தெரிந்துகொள்ள என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டுத் தலைவியை ஊரே ‘உம்மா’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மூத்த மகள் நுஸ்ரத் என் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு டீச்சர். இளையவள் பஸ்மினா வாய் ஓயாத கல்லூரி மாணவி. உம்மாவின் வீட்டை ஒட்டி, பெயிண்ட் வாசனை போகாத புது வீடு ஒன்று இருந்தது. அதில் ஓர் அறையை எனக்குக் கொடுத்தார்கள்.

“இது நுஸ்ரத்துக்கெண்டு கட்டின வீடு, மகள். நீங்க இருங்க. கலியாணத்துக்கு முந்தி மற்ற ரூமுக்கு மாறினாச் சரி” என்றார் உம்மா.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அதை வாடகைக்கு விடுவார்கள். எவ்வளவு முன்யோசனை என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். (விளங்காததை யாரிடமாவது கேட்டிருப்பேன். விளங்கிவிட்டதாக நினைத்ததை யாரிடம் போய்க் கேட்பது?)

பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திங்களிலிருந்து வெள்ளி வரை நான் அறிவாளி. சனி, ஞாயிறு வந்தால்தான் மானம் போகும். விடுமுறை நாளில் என்னைச் சும்மா விட்டுவைப்பது விருந்தாளிக்குச் செய்யும் அவமரியாதை என்று அந்த வீடு நம்பியது. ஒரு சனிக்கிழமை பொத்துவிலுக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினார்கள். படகு கரையை விட்டு நகர்வதற்கு முன்பே நான் வாந்தி எடுத்தேன். இன்னொரு சனிக்கிழமை சவளக்கடையில் அவர்களுடைய வயலில் அறுவடை பார்க்கப் போனோம். வரப்பில் நடக்கத் தெரியும் என்று சொல்லி நடந்து வாய்க்காலுக்குள் நின்றேன். எல்லாம் என்னோடு போய்விட்ட அவமானங்கள். நுஸ்ரத்தின் கல்யாணச் சனிக்கிழமை அப்படியில்லை. அதில் நான் அடுத்தவர் வீட்டு மானத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் முடிந்துவிட்டது. சனிக்கிழமை பகல் பெரிய கொண்டாட்டம். விடியுமுன்பே நானும் பஸ்மினாவும் நுஸ்ரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனை நகரத்தில் இருந்த அழகு நிலையத்துக்குப் போனோம். அலங்காரம் செய்த அக்கா, கட்டிடம் பூசுகிற கவனத்தோடு பூசினார். தலையில் கல் வைத்த கிரீடம். அதற்கு மேல் முக்காடு. அதைப் பிடித்து நிறுத்த எண்ணமுடியாத ஊசிகள். முடித்ததும் ஓர் உத்தரவு போட்டார்.

“வீட்ட போய்ச் சேருமட்டும் கதைக்கப்படா. சிரிக்கவும் படா. கண்ண மூடிட்டு இரிங்க. மை காயட்டும். வெளங்கினா?”

நுஸ்ரத் தலையைக்கூட ஆட்டாமல், கண்ணை மூடி விளங்கியதைத் தெரிவித்தாள்.

அப்போதுதான் மணப்பெண்ணின் செருப்பு வீட்டிலேயே கிடப்பது பஸ்மினாவுக்கு நினைவு வந்தது. “டீச்சர், நான் ஸ்கூட்டில கெதியாப் போய்ச் செருப்ப எடுத்து வைக்கிறன். அம்பாறையில இருந்து கார் இப்ப வந்திரும். நீங்க ராத்தாவக் கூட்டிட்டு வாங்க. மாப்பிள வாறதுக்குள்ள ராத்தாவ மேடையில இருத்திரணும். இல்லாட்டி உம்மா என்னக் கொல்லுவா.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தன் அக்கா நுஸ்ரத்தின் கைப்பையையும் அதற்குள் இருந்த போனையும் தோளில் மாட்டியபடியே பறந்துவிட்டாள்.

நான் முதுகை நிமிர்த்தினேன். வந்து ஒன்றரை மாதம் ஆகவில்லை, அதற்குள் மணப்பெண்ணையே என் பொறுப்பில் விடுகிறார்கள்! மணப்பெண்ணை எங்கே கொண்டுபோவது என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. எங்கள் ஊரில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கல்யாணப் பெண் போகிற இடம் மாப்பிள்ளை வீடு. அங்கே மேடை போட்டிருப்பார்கள். மாப்பிள்ளை வேறெங்காவது அலங்காரம் முடித்து வந்து சேர்வார். அதற்குள் பெண்ணை உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதானே?

மாப்பிள்ளை வீடு நிந்தவூரில். காரில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முந்தைய வாரம் பலகாரத் தட்டுகளைக் கொண்டுபோனபோது உம்மாவோடு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் சிரிப்பே இல்லாத பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்து, “இந்தியா டீச்சர் என்ன படிப்பிக்கிற?” என்று கேட்டார். “இங்கிலீஷ்” என்றேன். “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’மில் அத்தனை இங்கிலீஷும் எனக்கு மறந்துபோனது. மாமியார் ஆகப்போகும் அந்த மாமியை நினைத்தாலே நுஸ்ரத்துக்குப் பயம். ஆனாலும் நான் கெட்டிக்காரியாக, அந்த வீட்டு இடத்தைப் போனில் ‘நுஸ்ரத் வீடு’ என்று குறித்துவைத்திருந்தேன்.

பூ வைத்து அலங்கரித்த வெள்ளைக் கார் வந்தது. ஓட்டுநர் சுனில் அண்ணன், அம்பாறைச் சிங்களவர். அழகான தமிழ் பேசினார். ஆனால் இந்த ஊர்க் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டுவது அவருக்கும் முதல் தடவை.

“மிஸ், எங்க போறது?”

“இதோ” என்று போனைக் கண்ணாடிக்குக் கீழே பொருத்தி, வழியைப் போட்டுக் கொடுத்தேன்.

பின் இருக்கையில் குளிர்காற்று. முதல்நாள் மருதாணிக் கூத்தில் கண்மூடாத மணப்பெண். கண்ணை மூடச் சொல்லி வேறு உத்தரவு. கார் முதல் சந்தியைத் தாண்டுவதற்குள் நுஸ்ரத் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். கிரீடம் ஆடாமல் இருக்க நான் ஒரு கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.

காரைதீவுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு கல்யாண ஊர்வலம். முன்னால் பூச்சுற்றிய கார், பின்னால் வேன்கள், ஆட்டோக்கள், ஹார்ன் சத்தம். ‘அட, இன்றைக்கு நல்ல நாள் போல, இன்னொரு கல்யாணமும் இருக்கிறது’ என்று நினைத்து, ஜன்னலை இறக்கிச் சந்தோஷமாகக் கைகாட்டினேன். முன் காரில் இருந்த மாப்பிள்ளையும் கைகாட்டினார். பண்பான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வழி மறைந்துபோனது.

“மிஸ், கோல் வருதுதானே. ‘உம்மா’ எண்டு போட்டிருக்கு.”

“கட் பண்ணிடுங்க அண்ணா. எங்க இருக்கீங்கன்னு கேட்பாங்க. இதோ போயிடுவோம்ல.”

நிந்தவூர் வீட்டு வாசலில் கார் நின்றது. கேட்டில் வண்ணவிளக்குச் சரம் தொங்கியது. முற்றத்தில் பந்தல், வெற்று நாற்காலிகள், ஒரு நாற்காலியில் பூனை. மேடையைக் காணோம். வரவேற்க ஒருவரும் இல்லை. ஆரத்தி இருக்காது என்பது எனக்கும் தெரியும், ஆனால் ஆளுமா இருக்க மாட்டார்கள்?

“நுஸ்ரத், எழுந்திரும்மா. வீடு வந்தாச்சு.”

அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். கேட்டைப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். வீடு மாறவில்லை.

“டீச்சர்... இது ஆர்ர வீடு?”

“உன் வீடுதான்.”

“அல்லாஹ்வே! இது மாப்பிளைட வீடு!”

“அதைத்தானே நானும் சொல்றேன்?”

அவ்வளவு நேரம் காப்பாற்றிய முகப்பூச்சு அந்த இடத்தில் விரிசல் விட்டது. “எங்கட ஊர்ல பொண்ணு போற இல்ல டீச்சர்! மாப்பிளதான் பொண்ணுட வீட்ட வாற!”

“வருவார், சரி. வந்து உன்னைக் கூட்டிட்டு இங்கதானே வருவார்?”

“வர மாட்டார்! அங்கதான் இருப்பார்!”

“எத்தனை நாள்?”

“மௌத்தாகுமட்டும்! சாகுமட்டும்!”

புது வீடு, பெயிண்ட் வாசனை, ‘கலியாணத்துக்கு முந்தி மாறினாச் சரி’ என்ற உம்மாவின் குரல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் வந்து உட்கார்ந்தன. இந்தக் கரையில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. வீடு அவளுடையது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்கிறவர். காரைதீவில் நான் கைகாட்டிய பண்பான பையன் யார் என்பதும் அப்போது விளங்கியது.

“டீச்சர், அவங்கட ஊர்வலம் வெளிக்கிட்டாச்சு. மாப்பிள எங்கட வீட்ட போய் இறங்குவார். மேடையில ஆள் இல்ல. அவ்வளவு சனத்துக்கு முன்னால உம்மா எப்பிடி முகத்தக் காட்டுற?” நுஸ்ரத் என் கையைப் பிடித்திருந்தாள். “கார எடுக்கச் சொல்லுங்க. ஆரும் காணுறதுக்குள்ள.”

“அண்ணா, ரிவர்ஸ் எடுங்க, ரிவர்ஸ்!” என்று நான் கத்தியதுதான் தவறு. அந்தச் சத்தத்துக்கு வீட்டுக் கதவு திறந்தது.

மாமி நின்றார். அவர் ஊர்வலத்தோடு போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிப் பின்தங்கிவிட்டாராம். முழங்கால் வலியில் கண் அப்படிச் சிவக்காது. முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. கையில் ஒரு பழைய தலையணையை, பிள்ளையைப் பிடிப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

அவர் காரைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கிரீடத்தைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த பூனை இறங்கிப் போனது.

“என்ன மகள்,” என்றார் கடைசியில். “மாப்பிள வாற மட்டும் பொறுக்க ஏலாமப் போச்சா?”

நுஸ்ரத் செத்துப் பிழைத்தாள். நான் காரிலிருந்து இறங்கி, பழியை முழுவதும் என் தலையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். “மாமி, தப்பு என்னோடது. எங்க ஊர்ல பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அதனால...”

“அப்ப ஒங்கட ஊர்ல ஆர் அழுற?” என்று இடைமறித்தார் மாமி.

“பொண்ணோட அம்மா.”

“மாப்பிளைட உம்மா?”

“அவங்க ஏன் அழப்போறாங்க? அவங்களுக்கு மருமக வீட்டுக்கு வர்றா.”

மாமி தலையணையை நெஞ்சோடு இறுக்கினார். “கொடுத்து வச்ச பொம்பிளைகள்” என்றார். பிறகு அவருக்கு உதடு கோணியது. அழப்போகிறார் என்று நான் பயந்தேன். சிரித்தார். ‘ம்’ என்ற ஓர் எழுத்துக்கு மேல் செலவழிக்காத அந்த மாமி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, தலையணை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “யா றப்பே! காலம்பற இருந்து என்ட மகன் போறான் போறான் எண்டு அழுது கிடக்கிறன். அவனுக்குப் பதிலா அல்லாஹ் பொண்ண அனுப்பி வச்சிரிக்கான்!”

உள்ளே வந்தே ஆகவேண்டும் என்றார். நேரமில்லை என்று நுஸ்ரத் கெஞ்சினாள். “முதல் முறையா வாசலுக்கு வந்த புள்ளய வெறும் வாயோட அனுப்புவனா?” என்று அவரே உள்ளே போய், ஒரு தட்டில் தொதல் என்கிற அல்வா போன்ற இனிப்போடு வந்தார். கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, ஒரு துண்டைப் பிய்த்து மருமகள் வாயில் வைத்தார். உதட்டுச் சாயத்தில் பாதி தொதலோடு போனது. நுஸ்ரத் வாயில் தொதலும் கண்ணில் தண்ணீருமாக மென்றாள். மை காய்ந்திருக்கவில்லை என்பது அப்போது தெரியவந்தது.

மென்று முடிக்கும் வரை நின்ற மாமி, குரலைத் தாழ்த்தினார். “இந்தா மகள். இது அவன்ட தலகணி. சின்னதில இருந்து இது இல்லாட்டி நித்திர வராது. புது மாப்பிள தலகணி தூக்கிட்டுப் போனாச் சிரிப்பாங்க எண்டு வெக்கத்தில விட்டுட்டுப் போயிட்டான். ஆருக்கும் காட்டாமக் கொண்டு வை.”

நுஸ்ரத் தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் போன் மறுபடி அடித்தது, சுனில் அண்ணன் எடுத்து என்னிடம் நீட்டினார். உம்மா. இந்தமுறை வெட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. மாமி என் கையிலிருந்து பறித்தார்.

“மச்சி,” என்று சம்பந்தியைக் கூப்பிட்டார். “பதறாதீங்க. ஒங்கட மகள் இஞ்ச என்ட வாசல்லதான் நிக்கிறா.”

அந்தப் பக்கம் பெரிய பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

“ஓம், ஓம். வாறம்” என்று சொல்லி மாமி போனை வைத்தார். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவராக, வீட்டைப் பூட்டினார்; அதற்குள் நான் காரில் ஏறியிருந்தேன். முழங்கால் வலியை மறந்து காரைச் சுற்றி வந்து, மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். “தள்ளுங்க டீச்சர். நானும் வாறன். ஆரும் கேட்டா, மாமியக் கூட்டி வரப் பொண்ணு போன எண்டு சொல்லுங்க. அதுல ஆருக்கு என்ன குறை?”

எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. காருக்குள் இடமில்லை.

சுனில் அண்ணன் அந்தக் காரை ஆம்புலன்ஸ் ஓட்டுவதுபோல் ஓட்டினார். முன்னால் வைத்திருந்த பூக்கள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. பாதி வழியில் மாமி, நாங்கள் காரைதீவிலேயே ஊர்வலத்தைப் பார்த்துவிட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல்முறையாகக் கவலைப்பட்டார். “அவங்க இந்நேரம் போயிருப்பாங்களே.” நுஸ்ரத் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். நான் ஓதத் தெரியாததால் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

காரைதீவைத் தாண்டி சாய்ந்தமருதுக்குள் நுழைந்தபோது, கடற்கரைக்குத் திரும்பும் வழியில் வேன்களும் ஆட்டோக்களும் வரிசையாக நின்றன. அவர்கள்தான்! மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவரைக் கடலோரத்தில் நடக்கவிட்டு, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் ட்ரோன் ஒரு தென்னையில் போய்ச் சிக்கி, அதை இறக்க ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். அந்தத் தென்னைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

“குனிங்க, குனிங்க!” என்றார் மாமி.

நான் குனிந்தேன். மாமி குனிந்தார். நுஸ்ரத்தால் முடியவில்லை. கிரீடம் முன் இருக்கையில் இடித்தது. மாமி யோசிக்கவே இல்லை. தலையணையைப் பிடுங்கி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். ஒரு கல்யாணக் கார், ஜன்னல் முழுக்கப் பூப்போட்ட பழைய தலையணையோடு, மாப்பிள்ளை ஊர்வலத்தைத் தாண்டிப் பறந்தது. சுனில் அண்ணன் சிரிப்பை அடக்கமுடியாமல் ஸ்டியரிங்கில் குலுங்கினார்.

கல்முனைக்குடியில் எங்கள் தெருமுனை திரும்பியதும், அலங்காரக் காரைக் கண்ட பெண்கள் மாப்பிள்ளைதான் வந்துவிட்டார் என்று நினைத்து, எங்கள் ஊர்க் குலவையைப்போலக் குரவை போட்டார்கள். கதவு திறந்தது. முதலில் மாப்பிள்ளையின் தாய் இறங்கினார். பிறகு வாய் ஓரத்தில் தொதலும் கன்னத்தில் மைக்கோடுமாக மணப்பெண் இறங்கினாள், அக்குளில் தலையணையோடு. கடைசியாக நான். குரவை அப்படியே பாதியில் அறுந்தது.

உம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருடத்துக்கான திட்டு இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன் மாமி முந்திக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தலையை நிமிர்த்திச் சொன்னார்: “முழங்கால் ஏலாம நான் வீட்ட கிடந்தன். பொண்ணு தானா வந்து, மாமி வராம மேடையில ஏற மாட்டன் எண்டு கூட்டிட்டு வந்திட்டா.”

ஒரு கிழவி, “மாஷா அல்லாஹ்! இப்பிடிப் புள்ள ஆருக்குக் கிடைக்கும்!” என்றார். அறுந்த குரவை இரண்டு மடங்காக எழும்பியது. உம்மாவின் முகத்தில் கோபம் பெருமையாக மாறிய வேகத்தைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். பஸ்மினா மட்டும் செருப்பைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பவில்லை. அவள் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை.

முகத்தைத் துடைத்து, அவசரமாகப் பூசி, நுஸ்ரத்தை மேடையில் இருத்தியபோது தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்து இறங்கினார். காலணியில் கடல்மணல். மேடையில் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர், அவளுக்குப் பின்னால் சுவரோரம் சாய்த்துவைத்திருந்த பொருளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். காது வரைக்கும் சிவந்தார். அவருக்கு அடுத்த அதிர்ச்சி, பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அவருடைய தாய் வட்டலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

உண்மை வெளியே வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. சுனில் அண்ணன் சாப்பாட்டுப் பந்தியிலேயே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, மிக மரியாதையாக, “டீச்சர், இது ஒங்கட வகுப்புத்தான். பயப்படாம உள்ள வாங்க” என்றாள். தலைமையாசிரியரான அதிபர் என்னைக் கூப்பிட்டு, பள்ளிச் சுற்றுலாவுக்கு வழிகாட்டியாக நான் வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை இப்போதும் என்னை எங்கே கண்டாலும் கைகாட்டுகிறார், வீட்டுக்குள் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போதுகூட.

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த சில மாதங்களில் அந்தக் குடும்பத்தில் இன்னொரு கல்யாணம். அன்றைக்குக் காலையில், யாரும் சொல்லாமலே, பெண் வீட்டிலிருந்து பூ வைத்த கார் ஒன்று மாப்பிள்ளையின் தாயைக் கூட்டிவரப் போனது. அதற்கடுத்த கல்யாணத்திலும் போனது. இப்போது கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே, “மறுகா மாமிட கார்?”, அதாவது அப்புறம் மாமியுடைய கார் என்ன ஆச்சு, என்று கேட்கிறார்களாம். அந்தக் காருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘இந்தியா டீச்சர் கார்’. என் பெயரில் ஊரில் ஒரு வழக்கமே இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மாமி அடிக்கடி கல்முனைக்குடிக்கு வருகிறார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று என்னைக் கேட்டார்: “டீச்சர், நீங்க இஞ்ச வாற அண்டைக்கு ஒங்கட உம்மா வழியனுப்ப வந்தாவா?”

இல்லை என்றேன். விமான நிலையத்துக்கு அப்பாதான் வந்தார். அம்மாவுக்கு அன்று தலைவலி.

“ம்” என்றார் மாமி.

அந்த ‘ம்’ என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. நான் ஒரு வருடத்துக்கு வந்தவள், இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று எழுதிக்கொடுத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் போனில் அம்மா, “நல்லாத்தான் இருக்கேன், நீ உன் வேலையப் பாரு” என்பார். அந்தக் குரலுக்குப் பின்னால் எதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த மாதம் பஸ்மினாவுக்குக் கல்யாணம். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டு, மை துடைக்காமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அந்த விரலை ஊருக்கெல்லாம் காட்டினாராம். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். நேற்று போனில் அம்மா கேட்டார்: “அந்த ஊர்ல நான் யார் வீட்டு ஆளா உக்காரணும்? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“ரெண்டும் இல்லம்மா. உனக்குத் தனியா ஒரு கார் சொல்லியிருக்கு” என்றேன். சுனில் அண்ணனும் நானும் கொழும்பு விமான நிலையத்துக்கே போய்க் கூட்டிவருகிறோம். காருக்குப் பூ வைக்கவும் சொல்லிவிட்டேன்.